மூளைப் படம் படிக்கும் டாக்டர்: எஸ்.பி.எம். முதல் பேராசிரியர் நாற்காலி வரை

போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் இட்லியும் ஆட்டிறைச்சிக் குழம்பும் முடிந்து எல்லாரும் சாய்ந்து கிடந்த நேரம். ஐந்தாம் படிவம் படிக்கும் அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, வெறும் படம் பார்க்கவா இத்தனை வருஷம் படிச்சீங்க?" என்றாள். அக்கா அவளை முறைத்தார். ஆனால் கேள்வி நியாயமானதுதான்.

படம் பார்க்க இத்தனை வருடம் தேவையில்லை. பார்த்ததை ஒரே வரியில் எழுதி, கீழே பெயரைப் போடத்தான் தேவை. அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு சர்ஜன் மண்டையைத் திறப்பார், அல்லது கத்தியைக் கீழே வைத்துவிடுவார். அன்று அவளிடம் அரைமணி நேரம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து, கோலாலம்பூர், பினாங்குப் பிள்ளைகளுக்காக இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம், கட்டணம் கட்டப்போவது அவர்கள்தானே.

முதலில், இது என்ன வேலை

ரேடியோகிராபர் வேறு, ரேடியாலஜிஸ்ட் வேறு. நோயாளியைப் படுக்கவைத்து இயந்திரத்தை ஓட்டிப் படம் எடுப்பவர் ரேடியோகிராபர். அந்தப் படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட், அவர் எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர். அவர்களிலும் மூளை, தண்டுவடம், தலை, கழுத்து என்று ஒதுங்கிக்கொண்டவர் நியூரோ ரேடியாலஜிஸ்ட். அவரே பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்துகொண்டு, காலையில் ரிப்போர்ட், மதியம் பாடம், மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி என்று ஓடினால் அவர்தான் இந்தக் கட்டுரையின் ஆள். மூன்று வேலை, ஒரு சம்பளம்.

வயதுக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுவோம். 17 வயதில், ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். தேர்வு, அப்புறம் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், எம்.பி.பி.எஸ். 5 வருடம், பயிற்சி டாக்டராக (ஹவுஸ்மேன்) 2 வருடம், மெடிக்கல் ஆபீசராக ஓரிரு வருடமாவது, ரேடியாலஜி 4 வருடம், அதற்கு மேல் மூளைக்கென்று தனிப் பயிற்சி. எங்கும் தடுக்கி விழாமல் நடந்தால் 34, 35 வயது ஆகிவிடும். பி.எச்டி. சேர்த்தால் நாற்பதைத் தொடுவோம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது வீட்டில் இந்தக் கணக்கையும் எடுங்கள்.

படி 1: எம்.பி.பி.எஸ். இடம்

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் யூபியூ என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பம். 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்தை நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியும் யூகேஎம் என்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியும் இங்கே கோலாலம்பூரிலேயே இருக்கின்றன. யூஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் பினாங்கில் இருந்தாலும் அதன் மருத்துவப் பள்ளி கிளந்தானில், குபாங் கிரியானில் இருக்கிறது. இது தெரியாமல் விண்ணப்பித்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு. தனியாரில் புக்கிட் ஜாலிலில் ஐஎம்யூ, கெடா செமெலிங்கில் எய்ம்ஸ்ட், ஜார்ஜ்டவுனில் பாதிப் படிப்பை டப்ளினில் முடித்துவிட்டு வரும் ஆர்சிஎஸ்ஐ யூசிடி வளாகம் என்று பல வழிகள். வெளிநாட்டுக் கல்லூரி என்றால், முன்பணம் கட்டும் முன் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். ஏஜெண்ட் காட்டும் காகிதத்தை நம்பவேண்டாம்.

ரேடியாலஜிக்காகவே தனியாகச் சொல்ல இரண்டு உண்டு. ஒன்று, இயற்பியலை வெறுக்காதீர்கள், எஸ்.பி.எம். முடிந்ததும் தலைமுழுகிவிட்டோம் என்று நினைத்த பாடம் பத்து வருடம் கழித்து வட்டியோடு திரும்பி வரும். இரண்டு, முதல் இரண்டு வருடத்தில் மூளையின் குறுக்குவெட்டை எட்டுத் துண்டாகக் கையால் வரைந்து பழகுங்கள். மனப்பாடம் பரீட்சை வரைக்கும்தான் வரும். வரைந்த கை மறப்பதில்லை.

படி 2: ஹவுஸ்மேன்

மெடிசின், சர்ஜரி, குழந்தை, பிரசவம் என்று ஆறு பிரிவு, ஒவ்வொன்றிலும் நாலு மாதம். முதல் சில வாரம் டேகிங் என்பார்கள்: அனுபவப்பட்டவரின் நிழல்போலக் காலையிலிருந்து இரவுவரை அலையவேண்டும். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்கள் கான்ட்ராக்டில்தான் எடுக்கப்படுகிறார்கள். நிரந்தர வேலைக்குக் காத்திருப்பது தனிக் கவலை. அதற்குள் நான் போகவில்லை.

எனக்கு ரேடியாலஜி மேல் ஆசை வந்ததே ஒரு திட்டு வாங்கித்தான். ஓர் ஆன்கால் (அவசரப் பணி) இரவு, கை கால் இழுத்துக்கொண்டு வந்த ஒருவருக்கு, எக்ஸ்ரேயால் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் சி.டி. ஸ்கேன் கேட்டுப் படிவம் நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் "ஸ்ட்ரோக்?" (பக்கவாதமா?) என்று ஒரே சொல். பத்து நிமிடத்தில் போன் வந்தது. மறுமுனையில் ரேடியாலஜிஸ்ட். "எந்தக் கை? எத்தனை மணிக்கு? பேச்சு வருதா? நீங்க என்ன கேட்கிறீங்கன்னே தெரியாம நான் என்னத்தைப் பார்க்கிறது?" கோபம் வந்தது. விடிந்த பிறகுதான் உறைத்தது: அவர் படத்தைப் பார்க்கும் முன்பே நோயாளியைப் பார்க்க முயன்றிருக்கிறார். மறுநாள் அவருடைய அறைக்குப் போனேன். இருட்டு அறை, இரண்டு திரை, ஆறிப்போன தே தாரிக். அரைமணி நேரம் பின்னால் நின்று பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே ஹவுஸ்மேன் காலத்தை வீண் என்று நினைக்காதீர்கள். வார்டில் நோயாளியைத் தொட்டுப் பார்க்காத ரேடியாலஜிஸ்ட் எழுதும் ரிப்போர்ட்டில் எல்லாமே இருக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் இருக்காது.

படி 3: ரேடியாலஜிக்குள் நுழைவது

இங்கே கதவு இரண்டு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் நாலு வருட மாஸ்டர்ஸ் ஒன்று, பிரிட்டனின் ராயல் ரேடியாலஜிஸ்டுகள் கல்லூரி நடத்தும் எஃப்.ஆர்.சி.ஆர். தேர்வுகளை இங்கே வேலை செய்துகொண்டே எழுதுவது இன்னொன்று. மாஸ்டர்ஸில் இடம் குறைவு, போட்டி அதிகம். நுழைவுத் தேர்வும் நேர்முகமும் உண்டு. கிடைத்துவிட்டால் பாதை நேர். இரண்டாவதில் நீங்களே உங்களுக்குக் குரு; தேர்வுக் கட்டணம் பவுண்டில், விழுந்தால் திரும்பவும் பவுண்டில்.

எதுவானாலும், அதற்கு முன் ரேடியாலஜிப் பிரிவில் மெடிக்கல் ஆபீசராக ஒரு வருடமாவது இருந்து பாருங்கள். நேர்முகத்தில் "ஏன் ரேடியாலஜி?" என்று கேட்பார்கள். "ஆன்கால் குறைவு" என்ற பதில் மனதில் ஓடினாலும் முகத்தில் தெரியக்கூடாது. அது உண்மையும் இல்லை. இராத்திரி மூன்று மணிக்கு மூளை சி.டி. வராத நாளே கிடையாது.

படி 4: நாலு வருடம், ஓர் இருட்டறை

முதல் பகுதித் தேர்வில் இயற்பியலும் உடற்கூறும். எஃப்.ஆர்.சி.ஆர். உடற்கூற்றுத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 படங்கள். அம்புக்குறி காட்டும் இடத்தின் பெயரை எழுதவேண்டும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

சி.டி. படத்தில் எல்லாமே எண். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்த இயந்திரத்தை உருவாக்கிய பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் அந்த அளவு வழங்குகிறது. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையே பத்துக்கும் குறைவான வித்தியாசம்தான். ஸ்ட்ரோக்கின் முதல் சில மணி நேரத்தில் மாறுவதும் அந்தச் சின்ன வித்தியாசம்தான்.

ஓர் உதாரணம். ஒரு லாரி ஓட்டுநர், இடக்கை தொங்கிவிட்டது, இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. சி.டி.யைத் திறந்தால் முதல் பார்வைக்கு எல்லாம் சரி. திரையின் வெளிச்ச அளவை இறுக்குகிறோம். வலப்புறம், காதுக்கு மேலே உள்ளே மடிந்திருக்கும் இன்சுலா என்ற இடத்தில், ஓரமாக ஓடவேண்டிய மெல்லிய சாம்பல் கோடு காணாமல் போயிருக்கிறது. இன்னும் இரண்டு ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) கீழே, நடு மூளைத் தமனி ஒரு வெள்ளை நூல்போலப் பளிச்சிடுகிறது. இரத்தக் கட்டி அங்கேதான். இப்படி அடைபட்ட ஸ்ட்ரோக்கில் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. கட்டியைக் கரைக்கும் மருந்துக்குக் கெடு 4.5 மணி நேரம். குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை 2015இல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு நிலைபெற்றது. 2018க்குப் பிறகு, படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரை செய்யலாம். அந்தத் தேர்வைச் சொல்லப்போவது யார்? இருட்டறையில் இருக்கும் நீங்கள்.

சரி, பெருமை போதும். என் தவறையும் சொல்கிறேன். பயிற்சிக் காலத்தில், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம், மோட்டார் சைக்கிள் விபத்தில் வந்த ஒரு பையனின் தலை சி.டி. மூளை உறைக்கு அடியில் இரத்தம் பிறை வடிவில் தெரிந்தது. எத்தனை மில்லிமீட்டர், மூளை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அழகாக அளந்து எழுதினேன். இருபது நிமிடம் கழித்து என் சீனியர் திரையின் கடைசி ஸ்லைஸைத் தட்டினார். படத்தின் விளிம்பில், இரண்டாம் கழுத்தெலும்பில் முறிவு. நல்லவேளை, பையனின் கழுத்துப் பட்டையை யாரும் கழற்றவில்லை. ஒன்றைக் கண்டுபிடித்த திருப்தியில் கண் தேடுவதை நிறுத்திவிடும்; எங்கள் தொழிலில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. அன்றிலிருந்து எந்தத் தலை ஸ்கேனையும் கடைசி ஸ்லைஸிலிருந்துதான் தொடங்குகிறேன். நீங்களும் உங்களுக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டு, சந்தேகமே இல்லாத படத்திலும் அதை மீறாதீர்கள்.

படி 5: மூளைக்குள் ஒதுங்குவது

ஸ்பெஷலிஸ்ட் ஆனதும் அடுத்தது ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி. உள்ளூரில் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும், கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மூளை நோயாளிகள் குவிகிறார்கள். கோலாலம்பூர் மருத்துவமனை வளாகத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் பெயரில் நரம்பியல் கழகமே இருக்கிறது. வெளியே போகவேண்டுமென்றால் சிங்கப்பூரின் தேசிய நரம்பியல் கழகம், லண்டன் குவீன் ஸ்குவேர் மருத்துவமனை என்று பழைய தடங்கள் உண்டு. ஐரோப்பிய நியூரோ ரேடியாலஜிச் சங்கம் நடத்தும் டிப்ளோமாவும் மதிப்புள்ளது.

இந்தக் கட்டத்தில் ஒரு பிரிவு வரும். படம் படிப்பது மட்டுமா, அல்லது தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் விட்டு மூளைக்குள் சிகிச்சையும் செய்வதா? இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி, தனி முதுகெலும்பு. கன ஈய அங்கியோடு மணிக்கணக்கில் நிற்க உங்கள் இடுப்பு சம்மதிக்குமா என்று அதனிடமும் கேளுங்கள்.

காந்தத்தால் படம் எடுக்கும் எம்ஆர்ஐ அறையில் கற்க வேண்டியது புத்தகத்தில் இல்லாததும் உண்டு. 3 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 60,000 மடங்கு. உள்ளே போகும் முன் உலோகம் எல்லாம் வெளியே வரவேண்டும். செந்தூலிலிருந்து வந்த ஒரு பாட்டி தாலியைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். மலாய்க்கார நர்ஸ் கெஞ்சிப் பார்த்தார். நான் போய், "பாட்டி, மஞ்சள் கயிறு கட்டிக்கலாம். ஒரு மணி நேரந்தான். தாலி உங்க மகன் கையில இருக்கட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கயிறு இருக்கா?" என்றார். அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையில் ஒரு மஞ்சள் கயிற்றுச் சுருள் கிடக்கிறது. தாயத்து, அரைஞாண், மூக்குத்தி எல்லாவற்றையும் வாய் திறந்து தமிழிலேயே கேளுங்கள், "உலோகம் ஏதும் உண்டா?" என்ற பொதுக் கேள்விக்கு நம் ஆட்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். தாயத்து அவர்களுக்கு உலோகம் இல்லை, சாமி.

படி 6: ஆராய்ச்சி

இங்கேதான் கல்வித்துறை டாக்டரும் தனியார் மருத்துவமனை டாக்டரும் பிரிகிறார்கள். மாஸ்டர்ஸ் முடித்தவர் பி.எச்டி. இல்லாமலும் மருத்துவ விரிவுரையாளர் ஆகலாம். ஆனால் மேலே ஏற ஏறக் கட்டுரையும் ஆராய்ச்சி நிதியும்தான் பேசும்.

"நாம எல்லாம் என்ன ஆராய்ச்சி பண்ணிட முடியும்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நிபா வைரஸ் கதை. 1998 கடைசியில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். அந்த நோய் பெரும்பாலும் மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸைத் தாக்கும். ஆனால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் எடுத்த எம்ஆர்ஐ படங்களில் கண்டது வேறு: வெள்ளைப் பகுதியில் அங்கங்கே, ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியதாக, சோறு சிந்தினாற்போல வெண்புள்ளிகள். சின்னஞ்சிறு இரத்தக்குழாய்கள் அடைபட்டதன் தடம். 1999 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்தப் பரவல் அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்திருந்தார்கள். அந்த எம்ஆர்ஐ விவரங்களை நம் ஊர் ரேடியாலஜிஸ்டுகள் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ரேடியாலஜி இதழில் வெளியிட்டார்கள். இன்று வங்காளதேசத்திலோ கேரளத்திலோ நிபா என்றால், புள்ளிகளைத் தேட உலகுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கும் லெம்பா பந்தாய் ஆட்களும் உண்டு. அவர்களிடம் இருந்தது பெரிய நிதி இல்லை. எதிரே இருந்த படத்தை, எதிர்பார்த்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த கண்.

தொடங்கும் விதம் இதுதான். பெரிய கேள்வியை எடுக்காதீர்கள். உங்கள் பிரிவிலேயே ஒரு சின்னத் தணிக்கை: அவசர மூளை சி.டி. ரிப்போர்ட் எத்தனை நிமிடத்தில் போகிறது? அதை எண்ணி எழுதினால் மாநாட்டில் ஒட்டிவைக்கும் முதல் சுவரொட்டிக் கட்டுரை தயார். அப்புறம் அபூர்வ நோயாளி ஒருவரைப் பற்றிய அறிக்கை, அப்புறம் பழைய படங்களைத் தொகுக்கும் ஆய்வு. ஒவ்வொன்றுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். சுகாதார அமைச்சு மருத்துவமனை என்றால் என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். தரவைச் சேர்த்துவிட்டு அனுமதி கேட்பது, பந்தி முடிந்தபின் இலை போடுவது மாதிரி.

மூளையின் கன அளவையும் செயல்பாட்டையும் அளக்க உலகெங்கும் பயன்படும் ஓர் இலவச மென்பொருள் லண்டனிலிருந்து வந்தது. அதன் பெயரும் எஸ்.பி.எம்.! ஆகவே மலேசிய நியூரோ ரேடியாலஜிஸ்ட் வாழ்க்கையில் இரண்டு தடவை எஸ்.பி.எம்.மோடு மல்லுக்கட்டவேண்டும், இரண்டாவது தடவை டியூஷன் கிடையாது. மூளைகளை ஒப்பிட இந்த மாதிரி மென்பொருள்கள் பயன்படுத்தும் பொது அச்சு, அதாவது எல்லா மூளையையும் பொருத்திப் பார்க்கும் மாதிரி மூளை, கனடாவின் மொன்றியாலில் ஸ்கேன் செய்யப்பட்ட 152 இளம் வயதினரின் சராசரி. பத்துமலைக்குக் காவடி எடுக்கும் அறுபது வயதுக்காரரின் மூளை அந்த அச்சில் எவ்வளவு பொருந்துகிறது? நம் மக்களின் வயதுக்கேற்ற இயல்பளவு என்ன? இவை பி.எச்டி.க்குத் தாங்கும் கேள்விகள். எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற அரசு ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கும்போது கேள்வியை இந்த அளவுக்குக் கூர்மையாக்குங்கள்.

ஒன்று மட்டும் கறாராக இருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஆராய்ச்சிக்கென்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்று சொன்ன இடத்தில் நான் மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுரை எழுதினேன். என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

படி 7: சொல்லிக்கொடுப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல படங்களைப் பெயர், அடையாள எண் எல்லாம் நீக்கிச் சேமித்து வையுங்கள், முதல் நாளிலிருந்தே. மாணவனிடம் "என்ன நோய்?" என்று கேட்காதீர்கள், "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். நோயின் பெயரைத் தாவிப் பிடிப்பவன் அடுத்த புள்ளியைப் பார்க்கமாட்டான்.

பணமும் கணினியும்

பெற்றோர் கேட்கும் இரண்டு கேள்வி. தனியாரில் சம்பளம் பல மடங்கு. இதில் மறைக்க ஒன்றுமில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். வீட்டுக் கடனும் படிப்புக் கடனும் கழுத்தை நெரிக்கும்போது போவதில் தப்பில்லை. ஆனால் மாணவர் கூட்டத்தையும் அபூர்வ நோயாளிகளையும் அங்கே தேடாதீர்கள்.

இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு எங்கள் வேலையைச் சாப்பிட்டுவிடுமா? ஐந்து வருடத்தில், மிஞ்சினால் பத்து வருடத்தில் கணினி முந்திவிடும், ரேடியாலஜிஸ்டுகளைப் பயிற்றுவிப்பதை நிறுத்துங்கள் என்று செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் 2016இல் சொன்னார். 2024இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் வேலைப்பளுவோ குறையவில்லை. இரத்தக்கசிவு இருக்கும் சி.டி.யை வரிசையில் முன்னால் தள்ளிவிடும் மென்பொருள்கள் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அந்த மென்பொருள் எந்த மக்களின் படங்களில் பழகியது, எங்கே சறுக்குகிறது என்று சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். என்னைக் கேட்டால், இன்றைக்கு நுழையும் பிள்ளைக்கு மிகப் பெரிய ஆராய்ச்சி வாய்ப்பு அதுதான். கொஞ்சம் பைத்தான் நிரலெழுத்தும் புள்ளியியலும் எம்.பி.பி.எஸ். விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.

இத்தனையும் கேட்டுவிட்டு அக்கா மகள், "சரி மாமா, ஒரு படம் காட்டுங்க" என்றாள். ஆஸ்திரேலிய நியூரோ ரேடியாலஜிஸ்ட் ஃபிராங்க் கெய்லார்ட் தொடங்கிய ரேடியோபீடியா தளத்தைப் போனில் திறந்து ஒரு தலை சி.டி.யைக் காட்டினேன். இலவசம்தான், நீங்களும் இன்றிரவே திறக்கலாம்.

"இடது பக்கம் வெள்ளையா இருக்கு" என்றாள்.

"அது அவருடைய வலது பக்கம். காலடியில் நின்று பார்க்கிற மாதிரிதான் படத்தை வைப்போம்."

போனைத் திருப்பிப் பார்த்தாள். தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ சர்ஜனுக்கு எழுதும்போது எந்தப் பக்கம்னு எழுதுவீங்க?"